ஏழாம் பாடமும் லெட்சுமியின் மாத்திரைகளும்

ஞானஸ்நான வகுப்புக்கான பாட அட்டைகளைப் புதிதாக அச்சிடப் போகிறார்கள் என்று எஸ்தர் சொன்னாள். திருச்சபை ஊழியத்தில் என் இடத்துக்கு வந்திருப்பவள் அவள். கஹவத்தையிலிருந்து பஸ் ஏறி, என் மகளுக்கு ஒரு பக்கெட் பிஸ்கட்டோடு வந்திருந்தாள். ஏழாம் அட்டையில், நான் முன்பு வகுப்பில் சொன்ன ஓர் எடுத்துக்காட்டை 'நமது தோட்ட ஊழியர் ஒருவர் சொன்னது' என்று குறிப்பிட்டு அப்படியே சேர்க்கப் போகிறார்களாம். "அக்கா, அதைப் பத்தி நீங்களே சபைச் சஞ்சிகைக்கு எழுதித் தாங்களேன். புதுசா வர்ற எங்களுக்கு உதவியா இருக்கும்" என்றாள்.

அனுபவக் கட்டுரை எழுதுகிற வயது எனக்கு இல்லை. முப்பத்து மூன்றுதான் ஆகிறது. ஆனால் மகள் பிறந்த பிறகு நான் வேலையை விட்டபோது கமிட்டி தந்த கடிதத்தில் 'சேவையிலிருந்து ஓய்வு' என்றுதான் இருக்கிறது. என் கணவர் இன்றைக்கும் "பென்ஷன்காரம்மா, தேத்தண்ணி கிடைக்குமா?" என்று கேட்பார். இரண்டு நாள் யோசித்தேன். எழுதாமல் விடலாம் என்றுகூட நினைத்தேன். ஆனால் அந்த எடுத்துக்காட்டு அச்சுக்குப் போவதற்கு முன், அதனால் ஒரு வீட்டில் என்ன நடந்தது என்பதைச் சொல்லாமல் இருப்பது சரியில்லை என்று பட்டது. மகள் பகலில் தூங்கும் நேரங்களில் இதை எழுதுகிறேன். அங்கங்கே தொடர்பு அறுந்தால் அவள் எழுந்துவிட்டாள் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. இரண்டு வருடம் வேதாகமக் கல்லூரியில் படித்தேன். மீட்பைப் பற்றிய பாடத்தில் நல்ல புள்ளி எடுத்தேன். பாவம் செய்தது மனிதன், ஆகவே ஈடு செய்ய வேண்டியவனும் மனிதன். ஆனால் எந்த மனிதனாலும் அது முடியாது, தேவனால் மட்டுமே முடியும். ஆகவே தேவனே மனிதராக வந்தார் என்று எழுதி, கீழே ஸ்கேல் வைத்து ஒரு கோடு போட்டேன். கணக்கு முடிந்தது போல இருந்தது. தொண்ணூற்றெட்டில் தோட்டங்களுக்கு அனுப்பினார்கள்.

வேலை இப்படித்தான். தேயிலை, இறப்பர் இரண்டும் உள்ள ஐந்து டிவிஷன்கள் எனக்கு. மாலைக் கொழுந்தை நிறுத்துக் கொடுத்து முடிந்து, பெண்கள் கைகால் கழுவி வந்த பிறகு, ஏதாவது ஒரு லயத்து வீட்டு இஸ்தோப்பில், அதாவது முன் திண்ணையில், சாக்கு விரித்து உட்காருவோம். ஞானஸ்நானம் பெற விரும்புகிறவர்களுக்குப் பன்னிரண்டு பாடங்கள். ஒவ்வொரு பாடத்துக்கும் கையால் எழுதிய ஓர் அட்டை. நடத்துவதற்கு முந்திய வாரம் அதைப் போதகர் ஐயாவிடம் சொல்லிக் காட்ட வேண்டும்.

ஐயா கேட்கிற விதமே தனி. கண்ணை மூடிக்கொண்டு, கையில் ஒரு சிவப்புப் பென்சிலை வைத்து உருட்டிக்கொண்டிருப்பார். நடுவில் நிறுத்த மாட்டார். முடிந்ததும், "இத யாருக்குச் சொல்லப் போறீங்க?" என்று கேட்பார். 'வகுப்புக்கு' என்றால் ஏற்க மாட்டார். ஒரு பேரைச் சொல்ல வேண்டும். அந்த ஆள் எத்தனை மணிக்கு எழும்புகிறார், வீட்டில் யாருக்குச் சுகமில்லை என்பதெல்லாம் சொல்ல வேண்டும். சொல்லத் தெரியாவிட்டால் அட்டையின் பின்பக்கம் சிவப்பில் 'யாருக்கு?' என்று எழுதித் திருப்பித் தந்துவிடுவார். என் முதல் வருட அட்டைகளில் பாதிக்கு மேல் அந்தச் சிவப்பு இருக்கிறது.

ஏழாம் பாடம், மனிதரை மீட்கத் தேவன் ஏன் மனிதராக வேண்டும் என்பது. கல்லூரியில் எழுதிய பதில் இஸ்தோப்பில் நடக்கவில்லை. பெண்கள் கொட்டாவி விட்டார்கள். இரண்டு மூன்று வருடம் தடுமாறிய பிறகுதான் அந்த எடுத்துக்காட்டு எனக்குத் தோன்றியது. நம் பெண்கள் திருஷ்டி கழிப்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். பிள்ளையின் இரண்டு கன்னங்களையும் உள்ளங்கைகளால் வழித்து, அந்த விரல்களைத் தன் நெற்றிப் பொட்டில் மடக்கி அழுத்தி நெட்டி முறிப்பார்கள். உனக்கு வந்தது எனக்கு வரட்டும் என்பதுதான் அதன் அர்த்தம். இயேசு நமக்குச் செய்தது அதுதான் என்று செய்து காட்டினேன். நம் முகத்தை வழித்துத் தன் தலையில் முறித்துக்கொண்டார் என்றேன். கொட்டாவி விட்டவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஐயாவிடம் சொன்னபோது அவருடைய பென்சில் நின்றது. மற்ற ஊழியர்களுக்கும் அதைச் சொல்லச் சொன்னார். எனக்குப் பெருமையாக இருந்தது. அதை ஒளிப்பானேன்.

லெட்சுமி மேல்கணக்கு என்கிற மேல் டிவிஷனில் கொழுந்தெடுப்பவள். இருபத்தேழு வயது இருக்கும். கணவர் சுந்தரம் இறப்பர் பால் வெட்டுகிறவர். மூன்று வயதில் ஒரே பிள்ளை, கவி. லயத்தில் அடுத்த அறையில் இருந்த பக்கத்துக் காம்பராக்காரியோடு வகுப்புக்கு வந்து உட்காரத் தொடங்கியவள், நாலாம் பாடத்தோடு தானும் ஞானஸ்நானம் எடுக்கப் போவதாகச் சொன்னாள். சுந்தரம் மறுக்கவில்லை. அவர் வீட்டுச் சுவரில் மாரியம்மன் படம் இருந்தது. நாங்கள் நத்தாருக்கு, கிறிஸ்துமஸுக்கு, கொடுத்த இயேசு படத்தையும் அதன் பக்கத்தில் அவரே ஆணி அடித்து மாட்டினார்.

அந்த வருடம் லெட்சுமிக்குக் காசநோய் என்று தெரிந்தது. முதலில் தினமும் தோட்டத்து மருந்தகத்தைப் பார்க்கிற டிஸ்பென்சரின் முன்னால் மாத்திரை விழுங்கினாள். உடம்பு தேறியதும் வாரத்துக்கு ஒரு பக்கெட் மாத்திரையைக் கையில் கொடுத்தார்கள். அப்போதுதான் கவிக்குக் கழுத்தில் கட்டியும் காய்ச்சலும் வந்தன. இரத்தினபுரி ஆஸ்பத்திரியில் வைத்துக்கொண்டார்கள். தாயிடமிருந்து தொற்றியிருக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். சொல்ல வேண்டியதைத்தான் சொன்னார். பிள்ளையோடு சுந்தரத்தின் அக்கா தங்கினாள். லெட்சுமி பார்க்கப் போனபோது, இருமல்காரி என்று தெரிந்து, வார்ட் வாசலில் நர்ஸ் மிஸ்ஸி கையைக் காட்டி நிறுத்தி, "அம்மா எளியே இன்ன" என்று சிங்களத்தில் வெளியே இருக்கச் சொல்லிவிட்டாள். லெட்சுமி ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு பஸ் ஏறி வந்தாள்.

அந்த வாரம்தான் நான் ஏழாம் பாடம் நடத்தினேன். அவள் இஸ்தோப்பின் ஓரத்தில், சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் இரண்டு கைகளாலும் காற்றை வழித்து என் நெற்றியில் முறித்துக் காட்டினேன். யாருக்குச் சொல்கிறோம் என்று அன்றைக்கு நான் கேட்டுக்கொள்ளவில்லை.

அடுத்த ஆறு வாரம் மேல்கணக்குக்கு நான் அதிகம் போகவில்லை. கலியாணமாகி நாலு வருடத்துக்குப் பிறகு உண்டாகியிருந்தேன். ஐந்தாம் மாதம். வாந்தி நின்றிருந்தாலும் பயம் நிற்கவில்லை. ஐயா, காசநோய் உள்ள காம்பராவுக்குள் போகக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். லெட்சுமி வேலைக்கு வருவதில்லை என்று கேள்விப்பட்டு ஒரு புதன்கிழமை போனேன். இஸ்தோப்பில் போட்டிருந்த பலகையில் உட்கார்ந்தேன். அவள் உள்ளே கட்டிலில் இருந்தாள். இருமல் கேட்டது. பழைய இருமல்தான்.

மாத்திரை குடிக்கிறாளா என்று கேட்டேன். அவள் சிரித்தாள். இயேசு படத்துக்குப் பின்னாலிருந்து ஒரு கைக்குட்டை முடிச்சை எடுத்து அவிழ்த்துக் காட்டினாள். மாத்திரைப் பக்கெட்டுகள் பிரிக்கப்படாமலே இருந்தன.

"நிப்பாட்டிட்டேன் டீச்சர். கவிகிட்ட இருக்கிறத நான் வாங்கிக்கிட்டேன். என்கிட்ட இருந்துதானே அவனுக்குப் போச்சு. மருந்து உள்ள இருந்தா சீக்குக்கு எடம் இருக்காதுல்ல, எப்படித் திரும்பி வரும்? அதான் எடத்தக் காலியா வச்சிருக்கேன்."

அவள் தொடர்ந்தாள். கவி இப்போது சோறு சாப்பிடுகிறானாம், கட்டி வற்றிவிட்டதாம், அக்கா சொல்லி அனுப்பியிருக்கிறாளாம். "பாருங்க, அவனுக்கு எறங்க எறங்க எனக்கு ஏறுது. நீங்க சொன்ன மாதிரியேதான்."

நான் பதறிப்போய், அது தப்பு, தன் உயிரைத் தானே கெடுத்துக்கொள்வது பாவம் என்றேன். அதைவிட மோசமான பதில் இருந்திருக்க முடியாது.

"பாவம்னா அது என் தலையிலயே இருக்கட்டும்" என்று சொல்லி அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் காலையில் ஐயாவின் வீட்டுக்குப் போனேன். கண்ணை மூடிக்கொண்டுதான் கேட்டார். நான் முடித்த பிறகும் திறக்கவில்லை. "அழகா இருக்குன்னுதானே நானும் எல்லாத் தோட்டத்திலயும் அதச் சொன்னேன்" என்றார் கடைசியில். என்னைத் திட்டியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார். வேறு எங்கும் போகாமல் நேரே டிஸ்பென்சரிடம் அழைத்துப் போனார்.

டிஸ்பென்சர் சிங்களவர், இருபது வருடம் தோட்டத்தில் இருந்து நம்மைப் போலவே தமிழ் பேசுகிறவர். பிள்ளை சுகமாவது பிள்ளை குடிக்கிற மருந்தால் என்று விளக்கினார். பிறகு சொன்னார்: "சனிக்கிழமை பையன வீட்டுக்கு அனுப்புறாங்க. இவ மருந்த நிப்பாட்டினா அவனோட சீக்கு இவகிட்ட வராது, மிஸ். இவளோடதுதான் ஆயெத் அவனுக்குப் போகும், மறுபடியும். சீக்கு உள்ளவ சீக்க வாங்க ஏலாது. குடுக்கத்தான் ஏலும்."

அன்று வியாழக்கிழமை.

டிஸ்பென்சர் தானே போய்க் கட்டாயப்படுத்தி விழுங்க வைப்பதாகச் சொன்னார். ஐயா தலையாட்டவில்லை. "நாங்க போனா மரியாதைக்கு வாயில போட்டுக்குவா. படி எறங்கினதும் துப்பிடுவா. மகனக் கொன்னுடுவோம்னு நெனச்சுக்கிட்டு எந்தத் தாய் முழுங்குவா?" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "உங்க வாயால போனது. நீங்கதான் போகணும். உள்ள மட்டும் போயிடாதீங்க" என்றார். என்ன சொல்ல வேண்டும் என்று கேட்டேன். தனக்கும் தெரியவில்லை என்றார். அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

மேல்கணக்குக்கு ஏறுகிற பாதையில் கல்லூரிப் பதில்களையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். எல்லாம் சரியாகத்தான் இருந்தன. ஆனால் டிஸ்பென்சர் சொன்ன கடைசி வாக்கியம் எனக்குள் வேறு விதமாக ஓடிக்கொண்டிருந்தது. அவர் நுரையீரலைப் பற்றிச் சொன்னார். நான் அதில் ஏழாம் பாடத்தைக் கேட்டேன். இதைச் சொல்வது முறையா என்று அப்போதும் தெரியவில்லை, இப்போதும் முழுக்கத் தெரியவில்லை. நோயும் பாவமும் ஒன்றல்ல. நோயாளியைப் பாவி என்று சொல்லி எத்தனை பேரை நோகடித்திருக்கிறோம். ஆனால் லெட்சுமியை அழுத்தியது நோய் அல்ல, நான்தான் கொடுத்தேன் என்ற நினைப்பு. அதை இறக்கி வைக்க அவளுக்கு இடம் இருக்கவில்லை.

வாசற்படியில் கால் வைத்தேன். உள்ளே போய் அவள் பக்கத்தில் உட்கார வேண்டும் போலிருந்தது.

"உள்ள வராதீங்க டீச்சர்" என்றாள், படுத்தபடியே. "வயித்துல இருக்குல்ல. அங்கனயே இருங்க."

சாகத் துணிந்து கிடக்கிறவள் என் பிள்ளையைப் பற்றி யோசித்தாள். நான் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அழுதுவிட்டேன் என்றுதான் நினைக்கிறேன். முதலில், நான் செய்து காட்டியது தப்பு என்று சொன்னேன். பிறகு டிஸ்பென்சர் சொன்னதை ஒரு சொல் குறையாமல் சொன்னேன். சனிக்கிழமை கவி வருவதையும் சொன்னேன். அவள் எழுந்து உட்கார்ந்தாள்.

"அப்ப நான் வாங்க முடியாதா?"

"முடியாது. உங்களுக்கே இருக்கே. நானும் முடியாது. உள்ள வந்தா எனக்கும் ஒட்டும், என்கிட்ட இருந்து இன்னொருத்தருக்குப் போகும். நம்மள்ள யாரு வாங்கினாலும் அது நிக்காது லெட்சுமி."

"அப்ப யாருதான் வாங்குறது?"

ஒன்பது வருட ஊழியத்தில் ஏழாம் பாடத்தின் கேள்வியை என்னிடம் உண்மையாகக் கேட்டவள் அவள் ஒருத்திதான். மற்றவர்களுக்கெல்லாம் நானே கேட்டு நானே சொன்னேன்.

இயேசு வந்தது அதற்குத்தான் என்றேன். நம்மிடம் இருக்கிற கேடு இல்லாத ஒருவர் வர வேண்டியிருந்தது, அப்படி ஒரு மனிதர் எங்கும் இல்லை, ஆகையால் தேவனே வந்தார் என்றேன். அவள் விடவில்லை. "சாமிதானே, மேல இருந்தே சரி பண்ணியிருக்கலாமே. ஒடம்பு எதுக்கு?"

"மேல இருந்தா ஒட்டாது. ஒட்டாதவர் எப்படி வாங்குவாரு? அதான் நம்ம காம்பராவுக்குள்ளேயே வந்தாரு, நம்ம ஒடம்போட."

"ஒட்டிச்சா அவருக்கு?"

"அவர் எந்தத் தப்பும் பண்ணல. ஆனா நம்ம தப்போட பாரம் பூரா அவர் மேல ஏறிச்சு. செத்தே போனாரு. ஆனா அவர்கிட்ட இருந்து அது வேற யாருக்கும் போகல. அங்க வந்து நின்னு போச்சு. அவர் எழும்பிட்டாரு, அது எழும்பல. கவிக்கு ஒங்ககிட்ட இருந்து போச்சுங்கிற அந்த நெனப்பு இருக்கே, அதையும் அவர்கிட்ட குடுங்க. அது ஒங்க குத்தமும் இல்ல. மாத்திரைய ஒங்களுக்கு வச்சுக்கங்க."

பின்னால் அடுப்படியில் சுந்தரம் இருந்தது எனக்குத் தெரியாது. ஒரு டம்ளரில் தண்ணீரோடு வந்து நின்றார். "ஒங்க சாமியும் எங்காத்தாவும் பேசி முடிவெடுத்துக்கட்டும் டீச்சர். இவள மொதல்ல குடிக்கச் சொல்லுங்க" என்றார்.

லெட்சுமி அவரைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள். "நான் இதக் குடிச்சா அவனுக்கு ஒண்ணும் ஆகாதே?"

ஆகாது என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் உடனே குடித்திருப்பாள். ஆனால் அப்படிச் சொல்ல எனக்கு என்ன உரிமை? "அவனுக்கு என்ன ஆகும்னு எனக்குத் தெரியாது லெட்சுமி. ஆனா ஏதாவது ஆனாலும், அது நீங்க குடிச்சதால ஆகாது" என்றேன்.

அவள் முடிச்சை அவிழ்த்து, ஒரு நாளுக்கு உரிய மாத்திரைகளை எடுத்தாள். ஒவ்வொரு மாத்திரையையும் வாயில் போடுவதற்கு முன் அதைக் கொஞ்ச நேரம் கையில் வைத்துப் பார்த்தாள். கடைசி மாத்திரைக்குப் பிறகு டம்ளரைக் கவிழ்த்துக் காட்டினாள், டிஸ்பென்சரிடம் காட்டுகிற பழக்கத்தில்.

மறுநாள் டிஸ்பென்சர் அவளை இரத்தினபுரி மார்புச் சிகிச்சை நிலையத்துக்கு அனுப்பினார். சிகிச்சையை முதலிலிருந்து, ஊசியோடு தொடங்க வேண்டியதாயிற்று. அவளுக்குத் தொற்றாத நிலை வரும் வரை கவியை அத்தை நிவித்திகலயில் தன் வீட்டில் வைத்திருந்தாள். அந்தப் பிரிவைத் தாங்கியதுதான் லெட்சுமி உண்மையாகப் பிள்ளைக்காகப் பட்ட பாடு என்று நினைக்கிறேன். அதற்கு யாரும் பாடம் நடத்தவில்லை.

எஸ்தர், நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். அந்த எடுத்துக்காட்டை அட்டையிலிருந்து எடுத்துவிடச் சொல்லுங்கள். தாயன்பு சிறியது என்பதால் இல்லை. போன வருடம் என் மகளுக்குக் காய்ச்சல் நூற்று மூன்றுக்கு ஏறியபோது, இதெல்லாம் தெரிந்த நானே அவள் கன்னத்தை வழித்து என் நெற்றியில் முறித்தேன். செய்த பிறகுதான் கையைப் பார்த்தேன். அந்த அன்பு நம்மிடம் நிறையவே இருக்கிறது. அதனால் ஆகக்கூடியது எது, ஆகாதது எது என்பதைத்தான் ஏழாம் பாடம் சொல்ல வேண்டும். நான் அதைப் பாதியில் நிறுத்திவிட்டேன். படியில் உட்கார்ந்து சொன்னதிலும் என்னென்ன குறை இருக்கிறதோ, படித்தவர்கள் திருத்தட்டும்.

லெட்சுமி ஞானஸ்நானம் பெற மேலும் ஒரு வருடம் ஆனது. என் மகளை மடியில் வைத்துக்கொண்டு, பின் வரிசையிலிருந்து அதைப் பார்த்தேன். தண்ணீர் ஊற்றுவதற்கு முன் ஐயா ஒவ்வொருவரையும் சபைக்கு முன்னால் எழுப்பி ஏதாவது ஒரு பாடத்திலிருந்து கேட்பது வழக்கம். லெட்சுமியிடம் ஏழாம் பாடத்தைக் கேட்டார். தேவன் ஏன் மனிதராக வந்தார் என்றார்.

"நாங்க வாங்கினா நிக்காதுங்க ஐயா. அவருகிட்ட வந்துதான் நின்னுச்சு" என்றாள் லெட்சுமி. சுந்தரம் கவியைத் தோளில் வைத்துக்கொண்டு வாசலுக்கு வெளியே நின்றிருந்தார்.

ஐயா கண்ணை மூடிக்கொண்டார். "சரி. அவர் அப்படிச் செஞ்சதுனால நீங்க என்ன செய்றீங்க?"

விசுவாசிக்கிறேன், அல்லது மனந்திரும்புகிறேன் என்று சொல்ல வேண்டும். பதினோராம் அட்டையில் இருக்கிறது. அவள் மறந்துவிட்டாளோ என்று பயந்தேன். லெட்சுமி யோசிக்கவே இல்லை.

"மாத்திர குடிக்கிறேங்க ஐயா. தவறாம."

முன் வரிசைப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஐயா சிரிக்கவில்லை, திருத்தவும் இல்லை. கண்ணைத் திறந்து அவளைப் பார்த்துவிட்டு, தண்ணீர்ப் பாத்திரத்தைக் கொண்டுவரச் சொன்னார்.